பாரிஸுக்கு எந்த மாதம் போகலாம்? முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

என் முதல் பாரிஸ் பயணம் ஒரு ஜூலைக் கடைசியில். ஐரோப்பா என்றால் குளிரும் என்று நாலு பேர் சொன்னதை நம்பி இரண்டு ஸ்வெட்டரும் ஒரு ஜெர்கினும் எடுத்துப் போனேன். கிடைத்த அறை ஆறாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே. பாரிஸின் பழைய கட்டடங்களுக்கெல்லாம் துத்தநாகத் தகட்டுக் கூரை. தூரத்தில் இருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் அழகாக இருக்கும். அதன் அடியில் படுத்தால் நம் ஊர் தகரக் கொட்டகைதான். ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் என்ற வழக்கமே அங்கே இல்லை. கீழே வரவேற்பில் போய்க் கேட்டேன். இருந்த ஒரே மேசை விசிறியை மூன்றாவது மாடிக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டதாம். துண்டை நனைத்து மேலே போர்த்திக்கொண்டு மூன்று இரவு தூங்கினேன். ஸ்வெட்டர் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

அடுத்த தடவை உஷாராக டிசம்பரில் போனேன், இந்த முறை குடும்பத்தோடு. குளிருக்குத் தயாராகத்தான் போனோம். இருட்டுக்குத் தயாராகப் போகவில்லை. காலை எட்டு மணிக்கும் வெளியே கருகும்மென்று இருந்தது. பிள்ளைகளை எழுப்பிக் கிளப்பி ஊர் சுற்ற ஆரம்பித்தபோது மணி பதினொன்று, ஐந்துக்குள் சூரியன் போய்விட்டது.

இரண்டு தடவையும் மாதத்தின் குணம் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன். அதற்கப்புறமும் போயிருக்கிறேன், வேறு வேறு மாதங்களில். அதை வைத்து, முதல்முறை போகிறவர்கள் தேதியை எப்படி முடிவு செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வெளிச்சத்தைக் கணக்கெடுங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது வெப்பநிலையை. நான் முதலில் பார்க்கச் சொல்வது சூரியன் மறையும் நேரத்தை. சென்னையில் இருப்பவர்களுக்கு இது மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடிக்கும். நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூன் 21-இல் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல், இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பர் 21-இல் பகல் எட்டேகால் மணி நேரம்தான். காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை ஐந்துக்கு முன் முடிந்துவிடும். அதே விமானச் செலவு, அதே விடுதி வாடகை, ஆனால் ஊரைப் பார்க்கக் கிடைக்கும் வெளிச்சம் பாதி.

பூங்காக்களும் சூரியனைப் பார்த்துத்தான் கதவைச் சாத்துகின்றன. லக்ஸம்பர்க் தோட்டம் கோடையில் இரவு ஒன்பது, ஒன்பதரை வரை திறந்திருக்கும். நடுக்குளிர்காலத்தில் நாலரை, ஐந்துக்கெல்லாம் காவலர் விசில் ஊதிக்கொண்டே எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஈபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மினுமினுக்கும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பது அதைத்தான். ஜூனில் அதைக் காட்ட வேண்டுமென்றால் இரவு பதினொன்று வரை அவர்களை விழித்திருக்கச் செய்ய வேண்டும், அப்புறம் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏற வேண்டும். டிசம்பரில் ஆறு மணிக்கே பார்த்துவிட்டு, சாப்பிட்டு, எட்டுக்குப் படுக்கலாம். என் டிசம்பர் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

அடுத்து, யாரோடு போகிறீர்கள், எதைப் பார்க்க?

நாள் முழுக்க அருங்காட்சியகத்துக்குள் இருக்கப் போகிறவருக்கு வெளியே மழையா வெயிலா என்பது பெரிய விஷயம் இல்லை. அவர் ஜனவரியில் போகலாம், கூட்டமும் குறைவு. ஆனால் உள்ளே இருந்து பார்ப்பதிலும் சில இடங்கள் வெளிச்சத்தை நம்பியே இருக்கின்றன. ஓராஞ்சரி அருங்காட்சியகத்தில் ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இரண்டு நீள்வட்ட அறைகளின் சுவரைச் சுற்றி ஓடுகின்றன. வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியாக வருகிறது. மேகம் விலகும்போது ஓவியத்தின் நீலம் மாறுவதை அங்கே உட்கார்ந்து கண்ணால் பார்க்கலாம். 1248-இல் முடிக்கப்பட்ட செயின்ட் ஷப்பேல் தேவாலயமும் அப்படித்தான். மூன்று பக்கமும் உயர்ந்து நிற்கும் வண்ணக் கண்ணாடிகள், வெயில் அடித்தால் தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கொட்டும். மப்பும் மந்தாரமுமான நாளில் போனால், "இதுக்கா இவ்வளவு பெரிய வரிசை?" என்று தோன்றும்.

தோட்டம், பூ, நதிக்கரை என்று சுற்ற நினைப்பவர்களுக்கு ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுப்பகுதி வரை. வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், ஜனவரியும் வேண்டாம். கைக்குழந்தை இருந்தாலும் அதே கதைதான். மெட்ரோ நிலையங்களில் முக்கால்வாசி இடத்தில் லிஃப்ட் இல்லை. தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மேலே கனமான கோட்டும் இருந்தால் பாதி வழியிலேயே வேர்த்துக் கொட்டும்.

மாதங்களை ஒரு சுற்று பார்த்துவிடுவோம்

ஜனவரி, பிப்ரவரி: பகலில் ஏழெட்டு டிகிரி, இரவில் மூன்று டிகிரி. பனிப்பொழிவு எப்போதாவதுதான். பனியில் விளையாடலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். விடுதி வாடகை ஆண்டிலேயே குறைவாக இருப்பது புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு வரும் இந்த நாட்களில்தான். ஜனவரியின் இரண்டாவது புதன்கிழமை அரசே தேதி வகுத்த தள்ளுபடி விற்பனை தொடங்கி நான்கு வாரம் நடக்கும். நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரிதான், ஊரே கடைக்குள் இருக்கும். ஈபிள் கோபுரத்தின் உச்சியைப் பராமரிப்புக்காகச் சில வாரம் மூடுவதும் இந்தக் காலத்தில்தான், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். மழை வலுத்தால் செயின் நதி பொங்கிக் கரையோர நடைபாதைகளை மூழ்கடிக்கும், படகுகள் நின்றுவிடும். 2018 ஜனவரியில் அப்படித்தான் ஆனது. கோடையில் வராது என்றும் சொல்ல முடியாது. 2016 ஜூனில் ஆறு மீட்டரைத் தாண்டியபோது லூவ்ர் அருங்காட்சியகக் கதவைச் சாத்திவிட்டு, அடித்தளத்தில் இருந்த பொருள்களை மேல்தளத்துக்குத் தூக்கினார்கள்.

மார்ச்சை நான் யாருக்கும் சொல்வதில்லை. காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி, மாலையில் திரும்பவும் வெயில். படத்தில் பார்த்த வசந்தம் அங்கே வர இன்னும் ஒரு மாதம் ஆகும்.

ஏப்ரலிலும் ஏமாறக் கூடாது. "ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே" என்று பிரெஞ்சுக்காரர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது. ஆனாலும் ஏப்ரல் நடுவில் ஊரின் தெற்கே உள்ள சோ பூங்காவில் செர்ரி மரங்கள் பூக்கும்போது நான் அந்தப் பழமொழியை மறந்துவிடுவேன். அங்கே இரண்டு தோப்புகள், ஒன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் வெள்ளை. பி வழித்தட ரயிலில் அரை மணி நேரம் போல ஆகும். பூ நிற்பது பத்து நாள்தான், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும், அதை மட்டும் நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள். மோனேயின் வீடும் குளமும் உள்ள ஜிவர்னி ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் துலிப் பூக்கள் இருக்கும். ஓவியத்தில் உள்ள அதே அல்லியைக் குளத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஜூலைக்கு மேல்தான்.

மே மாதம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வசதி, பள்ளிக்கூடம் இருக்காது. இங்கே நாற்பது டிகிரி கொதிக்கும்போது அங்கே இருபது. ஆனால் பிரான்சில் மே என்றாலே விடுமுறை மாதம். 1-ஆம் தேதி உழைப்பாளர் நாள், 8-ஆம் தேதி ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள், அப்புறம் பெரும்பாலும் மே மாதத்திலேயே வரும் ஏசு விண்ணேற்ற வியாழன். வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அதற்குப் "பாலம் கட்டுவது" என்று பெயர். அந்த நாட்களில் ரயில் டிக்கெட் கிடைக்காது. மே 1 அன்று லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், வெர்சாய் அரண்மனை எல்லாம் மூடி இருக்கும். தெருமுனையில் யாரைப் பார்த்தாலும் மணிமணியாகத் தொங்கும் வெள்ளைப் பூங்கொத்தை விற்றுக்கொண்டிருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு நடந்தே ஊரைச் சுற்றுங்கள்.

ஜூனில் வெளிச்சம் அள்ளித் தருகிறார்கள். 21-ஆம் தேதி இசைத் திருவிழா, 1982-இல் தொடங்கியது. அன்று தெருவுக்குத் தெரு யாராவது பாடுவார்கள், எல்லாம் இலவசம், விடிய விடியச் சத்தம். தூக்கம் வேண்டுபவர்கள் அன்றைக்கு மட்டும் ஊருக்கு வெளியே இருந்துவிடலாம். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூன் மாதம் லெ பூர்ஜேயில் விமானக் கண்காட்சி நடக்கும், அந்த வாரம் விடுதி வாடகை எகிறும்.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி முன்பே புலம்பிவிட்டேன். என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். கோடை முழுக்க இப்படி இருக்காது. சாதாரண நாளில் 25, 26 டிகிரிதான், ரொம்பச் சுகம். ஆனால் வெப்ப அலை வந்துவிட்டால் ஐந்தாறு நாள் தங்கும், நீங்கள் மாட்டுவீர்களா இல்லையா என்பது அதிர்ஷ்டம். இந்த இரண்டு மாதத்தில் போவதாக இருந்தால் ஒரே நிபந்தனை: அறையில் ஏசி இருக்கிறது என்று விடுதியின் விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். "காற்றோட்டமான அறை" என்று இருந்தால் ஏசி இல்லை என்று அர்த்தம்.

ஆகஸ்டில் இன்னொன்று, ஊர்க்காரர்களே ஊரில் இருக்க மாட்டார்கள். மூலையில் இருக்கும் ரொட்டிக் கடை, குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடை, இவற்றின் கதவில் "செப்டம்பர் முதல் வாரம் சந்திப்போம்" என்று கையால் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். பெரிய இடங்கள் எல்லாம் திறந்திருக்கும், அங்கே கூட்டமும் இருக்கும். ஆனால் வியாபார வேலையாக வருகிறவர்கள் இல்லாததால் விடுதி வாடகை ஜூனைவிடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. 2025 கோடையில் இருந்து செயின் நதியில் குறிப்பிட்ட மூன்று இடங்களில் பொதுமக்கள் குளிக்கலாம். 1923-இல் போட்ட தடைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் கடைசியை நான் முற்றிலும் ஒதுக்காததற்குக் காரணம் லாச்சப்பல். கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தமிழ்க் கடைத்தெருவை அங்குள்ள ஈழத்தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கிருந்து நடை தூரத்தில் உள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர், விநாயகர் சதுர்த்தியை ஒட்டி ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்து ஞாயிறன்று வீதி உலா வரும். 1996-இல் இருந்து நடக்கிறது. பாரிஸ் தெருவில் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பதையும், பால்கனியில் நின்று பிரெஞ்சுக்காரர்கள் வேடிக்கை பார்ப்பதையும், தண்ணீரும் மோரும் கொடுக்கும் கடைக்காரர்களையும் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஞாயிறைச் சேர்த்துத் தேதி போடுங்கள்.

இனி என் ஓட்டு. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் இருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. வெப்பம் தணிந்திருக்கும், குளிர் தொடங்கியிருக்காது, சூரியன் எட்டு மணி போல மறையும். அக்டோபரில் ஏழுக்கு வரும். கடைகள் திரும்பத் திறந்திருக்கும், ஊர்க்காரர்கள் விடுமுறை முடிந்து முகத்தில் தெம்போடு இருப்பார்கள். செப்டம்பர் மூன்றாவது சனி, ஞாயிறில் பாரம்பரிய நாள்கள். சாதாரணமாக உள்ளே விடாத அரசுக் கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். காலாண்டு விடுமுறையும் இந்த வாக்கில்தான் வரும். ஒரு இடைஞ்சல்: செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில் ஃபேஷன் வாரம். விடுதிக்காரர்களுக்குத் தீபாவளி, நமக்குப் பட்ஜெட் தாங்காது. அந்த ஒன்பது பத்து நாளுக்கு முன்போ பின்போ தள்ளிப் போடப் பாருங்கள்.

இலை பழுத்து உதிர்வதைப் பார்க்க அக்டோபர் கடைசி. நவம்பர் சாம்பல் நிறம், வேறொன்றும் சொல்வதற்கில்லை. டிசம்பரில் அலங்கார விளக்குகள் குளிரை மறக்கச் செய்யும். 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ருதாம் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, வரிசைதான் நீளும்.

மழையைப் பற்றித் தனியாக ஏன் சொல்லவில்லை என்றால், பாரிஸுக்கு மழைக்காலம் என்று ஒன்று கிடையாது. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் சென்னையில் பெய்வதில் பாதிகூட இருக்காது, ஆனால் அது பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பிரிந்து விழும். எந்த மாதம் போனாலும் குடை வேண்டும்.

மாதம் முடிவானதும் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 15 நாள் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் போய் நின்றால், இந்தியாவில் பாதிப் பேர் அங்கே நிற்பார்கள், விரல்ரேகை கொடுக்கத் தேதியே கிடைக்காது. பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். கட்டணம் 2024 ஜூனில் இருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, முகவர் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். செப்டம்பர் பயணம் என்றால் ஜூன் மாதமே விண்ணப்பியுங்கள்.

ஈபிள் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும். கோடைத் தேதிகள் சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், இரண்டாவது தளம் வரை 674 படி, கால் நன்றாக இருந்தால் ஏறலாம். ஆகஸ்டில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள்.

அப்புறம் கிழமை. லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்கும் வெர்சாய்க்கும் திங்கள். ஒன்று மூடினால் கூட்டம் மற்றதற்குப் பாயும். செவ்வாயன்று ஓர்சேவிலும் வெர்சாயிலும் நிற்க இடமிருக்காது. ஐரோப்பாவுக்கு வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 2026 ஜனவரியில் இருந்து 32 யூரோ. அவ்வளவு கொடுத்துவிட்டு மோனாலிசாவை மட்டும் பத்து வரிசை தள்ளி நின்று போனில் பிடித்து வருவது அநியாயம், அரை நாளாவது ஒதுக்குங்கள். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், வெர்சாய் நவம்பரில் இருந்து மார்ச் வரை மட்டும் முதல் ஞாயிறு இலவசம். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஆறுதல் பரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் திங்கட்கிழமை போய் இறங்குங்கள். மெட்ரோவுக்கான வாராந்தர நாவிகோ அட்டை திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும், நீங்கள் வாங்கிய நாளில் இருந்து ஏழு நாள் என்று கணக்கு இல்லை. வெள்ளிக்கிழமை இறங்கினால் அந்த வாரத்து அட்டையே தர மாட்டார்கள்.

பெட்டியில் என்ன?

வெங்காயம் மாதிரி உடுத்துங்கள். ஒரே தடிமனான கோட்டைவிட, மெல்லிய மூன்று உடுப்பு நல்லது. மெட்ரோவுக்குள்ளும் கடைக்குள்ளும் சூடாக இருக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நவம்பரில் இருந்து மார்ச் வரை போனால் உள்ளே போடும் தெர்மல், காதை மூடும் குல்லாய், மஃப்ளர். குளிர்காலத்தில் காற்று வறண்டு உதடு வெடிக்கும், ஒரு சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் போதும். ஷூ புதிதாக இருக்கக் கூடாது. ஒரு நாளில் பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிடுவீர்கள், அதுவும் கருங்கல் பாவிய தெருக்களில்.

கடைசியாக ஒன்று. மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அக்டோபரில் மாற்றினால் ஒரு மணி நேரத் தூக்கம் லாபம். மார்ச்சில் விடியற்காலை இரண்டு மணி சட்டென்று மூன்றாகிவிடும். கையில் இருக்கும் போன் தானாக மாறிக்கொள்ளும், அறையில் சுவரில் தொங்கும் கடிகாரம் மாறாது. அந்த ஞாயிறு காலை ஊருக்கு விமானம் இருந்தால், எந்தக் கடிகாரத்தைப் பார்த்து டாக்ஸிக்குச் சொல்கிறீர்கள் என்பதைச் சனிக்கிழமை இரவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.